மலையில் வீட்டு ஆய்வு சுவருக்கு வெளியே தொடங்குகிறது

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். குன்னூரில் இரண்டு ஆண்டுகளாக, வீடு வாங்குவோருக்காக வீட்டை ஆராய்ந்து அறிக்கை தரும் தொழிலைச் செய்கிறீர்கள். கோயம்புத்தூரில் பழகிய முறைப்படி சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறீர்கள், கட்டுப்படியாகவில்லை. தரகர்கள் அறிக்கையை இளக்கி எழுதச் சொல்கிறார்கள். இவற்றுக்கு மேலாக, சென்ற ஆண்டு மாசியில் நீங்கள் பார்த்துக் கொடுத்த ஒரு வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவர் ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. வாங்கியவர் உங்களைப் பொறுப்பாளி என்கிறார். குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இந்த மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சமவெளியில் வீட்டின் குறை பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும்; நீலகிரியில் அது வீட்டுக்கு மேலே உள்ள சரிவிலும் கீழே உள்ள மண்ணிலும் இருக்கும். நம் கட்டணம், நேரம், அறிக்கை, ஒப்பந்தம் நான்கும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

கட்டணத்திலிருந்து தொடங்குவோம். ஆயிரம் சதுர அடி வீடு ஒன்று, உதகை நகரின் நடுவே மட்டமான மனையில் இருந்தால் மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதே அளவுள்ள வீடு கோத்தகிரிப் பக்கம் பழைய தேயிலைச் சரிவை வெட்டி எடுத்த தளத்தில் நின்றால், மேலேயும் கீழேயும் இறங்கி ஏறி, தடுப்புச் சுவர்களை அளந்து, வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்ப்பதற்கே ஒரு பகல் போய்விடும். சதுர அடிக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே கூலி என்பது, கடினமான வீட்டை அவசரமாகப் பார்க்கும்படி உங்களையே தூண்டுகிறது; அந்த அவசரத்தில்தான் சுவர் தவறிப்போகிறது. ஆகவே கட்டணத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஒன்று கட்டடத்துக்கு, இன்னொன்று மனைக்கும் சரிவுக்கும், மற்றொன்று பயணத்துக்கு. மனைக்கான பகுதியைச் சரிவின் உயரம், தடுப்புச் சுவர்களின் எண்ணிக்கை இவற்றைத் தொலைபேசியிலேயே கேட்டு, நான்கு பக்கப் படங்களையும் வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள். களத்தில் செலவாகும் நேரத்துக்கு ஏறத்தாழச் சமமான நேரம் அறிக்கை எழுதச் செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; புதியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பாதித் தொகை முன்பணமாகவும் மீதி அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பாகவும் வந்துவிட வேண்டும். பத்திரப் பதிவு முடிந்ததும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வேலையை ஏற்காதீர்கள், ஏனென்றால் விற்பனை நடந்தால்தான் உங்களுக்குக் கூலி என்ற நிலை வந்துவிட்டால் உங்கள் அறிக்கையை நீங்களே நம்ப முடியாது.

இனி, அந்த மனைப் பகுதிக்கு ஏன் அவ்வளவு எடை கொடுக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். நம் மலை சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறையால் ஆனது. ஆனால் அதன்மேல் காலங்காலமாகச் சிதைந்த சிவந்த மண் பல இடங்களில் தடித்த போர்வையாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அந்த மண் நிற்கும். நீர் ஊறிவிட்டால் நிற்காது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் நேர்ந்த நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. இந்த எண்களை வாடிக்கையாளருக்கு வெறுமனே சொன்னால் உறைக்காது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 9,300 லிட்டர் நீர் சேரும் என்றும், கேத்தியில் பெய்தது போன்ற மழையில் அது 76,000 லிட்டராகும் என்றும் சொல்லி, அந்த நீர் இந்த வீட்டிலிருந்து எங்கே போகிறது என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் விடை, கூரைத் தகரத்திலிருந்து ஒரு குழாய் இறங்கித் தடுப்புச் சுவரின் தலைமாட்டில் மண்ணிலேயே முடிந்துவிடுகிறது என்பதாகத்தான் இருக்கும்.

அங்குதான் சுவர்கள் சாகின்றன. மூன்று மீட்டர் உயரமுள்ள தடுப்புச் சுவரின் பின்னால் தலைவரை நீர் தேங்கினால், மண்ணின் தள்ளுவிசையைத் தவிர நீர் மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ நாலரை டன் விசையோடு தள்ளும். அதனால்தான் சுவரில் ‘வீப் ஹோல்’ என்று நாம் சொல்லும் நீர்த்துளைகளை விடுகிறார்கள். அந்தத் துளைகளை எண்ணுங்கள். ஒரு கம்பியை உள்ளே விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். கம்பி ஒரு சாண் போய் மண்ணில் முட்டினால், பின்னால் வடிகல், அதாவது நீர் வடிவதற்கான கற்கள், போடாமல் மண்ணை அப்படியே தள்ளி நிரப்பியிருக்கிறார்கள் என்ற ஐயம் எழ வேண்டும். பெருமழை பெய்து மறுநாளும் எந்தத் துளையிலும் ஈரமே இல்லை என்றால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை, துளைகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். தூக்குக் குண்டைச் சுவரின் தலையிலிருந்து விட்டு, இரண்டு மீட்டருக்கு ஓரிடமாக இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவர் முழுவதும் ஒரே அளவாகச் சாய்ந்திருப்பது கட்டும்போதே அப்படிக் கட்டியதாக இருக்கலாம். நடுவில் மட்டும் வயிறு தள்ளியிருந்தால் அது கட்டிய பிறகு வந்த நகர்வு.

சுவரைப் பார்த்துவிட்டு அதற்கு மேலே உள்ள நிலத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மேல் வீட்டுக்காரரின் கழிவுநீர் உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது என்பது பல நேரங்களில் முதன்மையான கேள்வி. ஆண்டு முழுவதும் சரிவுக்குள் நீரை ஊட்டிக்கொண்டிருப்பது அதுதான். மேல் நிலத்தில் புதிதாக மண் வெட்டியிருக்கிறார்களா, பாதையின் வடிகால் இந்த மனையை நோக்கித் திரும்புகிறதா, சீகை மரங்களும் தைல மரங்களும் சாய்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். மரத்தை அகற்ற வேண்டும் என்று நேரடியாக எழுதாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்கும், மனையின் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தை வாங்கி, மனையின் ஓரத்தில் ஓடைப் புறம்போக்கு வருகிறதா என்று ஒத்துப்பாருங்கள். வேனிலில் வறண்டு, புல் மண்டி, சிலவேளை கார் நிறுத்துமிடமாகவே மாறிவிட்ட ஓடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீர் தன் வழியை மறப்பதில்லை.

இந்தத் தொழிலில் என் முதல் ஆண்டுகளில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்கு அருகே ஒரு வீட்டை மார்ச் மாதத்தில் பார்த்தேன். புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். ஈரமானியை எந்தச் சுவரில் வைத்தாலும் காய்ந்த அளவே காட்டியது. ஓதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நவம்பரில் பின் அறையின் தரையோரம் முழுவதும் நீர் ஊற்றெடுத்தது. அந்த அறையின் பின்சுவர் பாதி உயரத்துக்கு மண்ணுக்குள் புதைந்திருந்தது என்பதை நான் படம் எடுத்திருந்தேன். அதன் பொருளை எழுதவில்லை. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு வாங்கிய ஒரு ஆசிரியத் தம்பதியின் வீடு அது. அன்றிலிருந்து எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்தில் ஆய்வு நாளையும், அதற்கு முந்தைய பத்து நாள்களில் மழை பெய்ததா என்பதையும் எழுதுகிறேன். இல்லை என்ற சொல்லுக்குப் பதிலாக, இந்த நாளில் இந்த நிலையில் காணப்படவில்லை என்று எழுதுகிறேன். மண்ணில் புதைந்த சுவர் இருந்தால், மழைக்காலத்தில் மறுபடியும் பார்க்காமல் முடிவு கூற இயலாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

பருவம் இங்கே இரண்டு முகம் கொண்டது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளை ஆனி, ஆடி மாதத் தென்மேற்குப் பருவமழை சோதிக்கும். குன்னூரையும் கோத்தகிரியையும் ஐப்பசி, கார்த்திகை மழை சோதிக்கும். வாங்க வருவோரோ மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து, வெயிலில் பளிச்சென்று நிற்கும் வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களிடம் அக்கம்பக்கத்தாரைக் கேட்கச் சொல்லுங்கள், நீங்களும் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லும் செய்தி, கருவிகள் அரை நாளில் சொல்வதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. கேட்டதை அறிக்கையில் அண்டை வீட்டார் கூறியது என்று தனியே குறித்து, நீங்கள் கண்டதோடு கலக்காமல் வையுங்கள்.

வீட்டுக்குள் வந்தால், உதகைக் குளிரில் சுவரில் படியும் ஈரத்தையும் வெளியிலிருந்து கசியும் ஈரத்தையும் பிரித்தறிவதுதான் புதியவர்களைத் திணறடிக்கும். அலமாரிக்குப் பின்னாலும் அறை மூலைகளிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், அது பெரும்பாலும் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. ஓர் எல்லைக்கோடு போல் கறை ஏறி, அதன்மேல் உப்புப் பூத்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வரும் நீர். ஐயம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் வியர்த்தால் சுவரின் ஈரம். உப்பு ஏறிய சுவரில் ஈரமானி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பழைய பங்களாக்களில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய கல்சுவருக்கு மேல் பிற்காலத்தில் சிமெண்டுப் பூச்சு பூசியிருப்பார்கள். சுவர் மூச்சுவிட வழியின்றி ஈரம் உள்ளே நின்றுவிடும். மரப் பலகைத் தரைக்குக் கீழே காற்றோட்டத்துக்கு விட்ட துளைகளைத் தோட்ட மண் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியிருந்தால் விட்டங்களின் முனைகளை ஊசியால் குத்திப் பார்க்காமல் வரக்கூடாது.

மின்சாரம், கூரை ஓடு, குழாய் வேலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்பதை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். ஆனால் ஒன்றை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். குளியலறைக்குள் புகைபோக்கி இல்லாமல் பொருத்தப்பட்ட எரிவாயு வெந்நீர்க் கருவி, அடைத்த புகைபோக்கியோடு கூடிய கணப்பு, குளிருக்கு மூடிய அறைக்குள் கரி மூட்டும் வழக்கம் ஆகிய மூன்றும் கார்பன் மோனாக்சைடால் ஆளைக் கொல்லும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. சுற்றுலா விடுதியாக மாற்ற நினைத்து வாங்குவோரிடம் இதை எழுத்திலும் சொல்லுங்கள், வாயாலும் சொல்லுங்கள். அறிக்கை முடியும்வரை காத்திருக்காமல் அன்றே சொல்லிவிட வேண்டிய ஒரே செய்தி இதுதான்.

அனுமதி, உரிமை விஷயங்களில் எல்லையை மதியுங்கள். இங்கே கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு என்பதையும், மலைப்பகுதிக்கெனத் தனிக் கட்டட விதிகள் 1993-இல் வகுக்கப்பட்டன என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கி, களத்தில் அளந்த அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எண்களாக எழுதுவது உங்கள் வேலை. அது விதிமீறலா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையன்று. கூடலூர்ப் பக்கம் 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலம், அதாவது உரிமைச் சிக்கல் உள்ள நிலம், என்ற பேச்சு காதில் விழுந்தாலோ, சீகூர் யானை வழித்தடத்தை ஒட்டிய மனை என்றாலோ, வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டின் விலையைப் பற்றியும் ஒரு சொல் எழுதாதீர்கள். மதிப்பீட்டாளர் வேலை வேறு.

அறிக்கையின் மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரியில் தடுப்புச் சுவருக்கு எதிரே ‘நன்று’ என்ற ஒரே சொல் இருந்தது. அந்தச் சொல்லை அகராதியிலேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘பின்புறத் தடுப்புச் சுவர் கருங்கல், சிமெண்டுக் கலவை. உயரம் 3.2 மீட்டர், நீளம் 14 மீட்டர். நீர்த்துளைகள் 11, அவற்றில் 7 அடைபட்டுள்ளன. மேற்கு முனையிலிருந்து 5 மீட்டர் தொலைவில் நடுப்பகுதி 40 மில்லிமீட்டர் வெளியே புடைத்துள்ளது. சுவருக்கு மேலுள்ள நிலம் பிறருடையது. அங்கே செல்ல அனுமதி கிடைக்கவில்லை. அடித்தளத்தின் ஆழம் தெரியவில்லை. மழைக்கு முன் துளைகளைத் திறந்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் சுவரைக் காட்ட வேண்டும். அதுவரை சுவரின் அடியில் உள்ள அறையைப் படுக்கையறையாகப் பயன்படுத்த வேண்டாம்.’ இதைப் படிப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் விளங்கிவிடும். நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் உங்களைக் காப்பதும் இந்த எழுத்துதான்.

தரகர்களைப் பற்றி. இவர்களில் நேர்மையானவர்கள் பலர் உண்டு, அவர்களோடு பகை தேவையில்லை. ஆனால் அவர்களிடமிருந்து கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. அறிக்கை வாங்குபவர் கைக்கு மட்டுமே போக வேண்டும். வரைவைக்கூடத் தரகருக்கு அனுப்பக் கூடாது. இளக்கி எழுதுங்கள் என்பவரிடம், அளவு தவறாக இருந்தால் சொல்லுங்கள், மறுபடி அளக்கிறேன், சொல்லை மாற்ற மாட்டேன் என்று அமைதியாகச் சொல்லலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் இதனால் வேலை குறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை, எனக்கும் குறைந்தது. பிறகு வழக்கறிஞர்கள் அனுப்பத் தொடங்கினார்கள். அதேபோல, நீங்கள் ஆய்ந்த வீட்டில் பழுதுபார்க்கும் வேலையை நீங்களோ உங்கள் உறவினரோ எடுக்காதீர்கள். கொத்தனார் பெயரைக் கேட்டால் மூவரின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்த வேலையை ஈடுகட்ட ஒரு வழி இந்த மலையிலேயே இருக்கிறது. இங்குள்ள வீடுகளில் பலவற்றின் உரிமையாளர்கள் ஆண்டில் பத்து நாள்தான் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்கு மழைக்கு முந்தைய ஆண்டு ஆய்வு ஒன்றை நிலையான கட்டணத்தில் செய்து கொடுங்கள். கூடலூர்ப் பக்கம் மே மாதத்தில், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் செப்டம்பரில், நீர்த்துளைகள், வாய்க்கால், கூரைத் தகரம், மரங்கள், சுவரின் சாய்வு இவற்றை அதே இடங்களில் அளந்து, சென்ற ஆண்டு அளவோடு ஒப்பிட்டு இரண்டு பக்கத்தில் அனுப்பினால் போதும். ஒரே விரிசலை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஏடு, எந்த ஒற்றை நாள் ஆய்வையும்விட மதிப்புள்ளது. என் வரவில் நிலையான பகுதி இதிலிருந்துதான் வந்தது.

நம் நாட்டில் வீட்டு ஆய்வாளருக்கெனத் தனி உரிமம் இல்லை. ஆனால் கூலி வாங்கிச் செய்யும் சேவை என்பதால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் தொடும். குறைபாடு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வேலைக்கு முன்பே, எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள், எதையும் உடைத்தோ தோண்டியோ பார்ப்பதில்லை, அறிக்கை யாருக்கு உரியது என்பதைத் தமிழிலும் வாடிக்கையாளர் படிக்கும் மொழியிலும் ஒரு பக்க ஒப்பந்தமாகக் கையெழுத்து வாங்குங்கள். அலட்சியத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என எண்ண வேண்டாம். ஒருதலையான நிபந்தனைகளை நுகர்வோர் ஆணையம் ஏற்காமல் போகலாம். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு ஒன்றை எடுத்து, இடைவெளி விடாமல் புதுப்பித்து வாருங்கள், ஏனெனில் அவ்வகைக் காப்பீடுகள் பெரும்பாலும் கோரிக்கை எழும் நாளில் நடப்பில் இருந்தால்தான் உதவும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதையும் கட்டணத்தை முடிவுசெய்யும்போதே நினைவில் கொள்ளுங்கள்.

சரிந்த சுவரின் விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் வாதாட வேண்டாம். என் தவறல்ல என்றோ என் தவறுதான் என்றோ இப்போது சொல்ல வேண்டாம். காப்பீடு இருந்தால் இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தையும் அறிக்கையையும் காட்டுங்கள். பிறகு வீட்டுக்காரரிடம் நேரம் கேட்டு ஒருமுறை சென்று பாருங்கள். கூலி பேசாதீர்கள். அந்தக் குடும்பம் இப்போது எந்த அறையில் படுத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மேலே இன்னும் தளர்ந்த மண் தொங்கிக்கொண்டிருந்தால் அவர்களை வேறு அறைக்கோ வேறு வீட்டுக்கோ போகச் சொல்லுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் மேல் நிலத்தில் என்ன மாறியது, புதிய வெட்டு ஏதேனும் உண்டா, குழாய் உடைந்ததா, இடிபாட்டில் தெரியும் சுவரின் பின்புறம் வடிகல் இருந்ததா, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பவற்றை அளந்து படம் எடுங்கள். இடிந்த சுவர்தான் தன் உள்ளே இருந்ததைக் காட்டும். கற்களை அள்ளிவிட்டால் அந்தச் சான்று போய்விடும், அதனால் தாமதிக்காதீர்கள். எடுத்த படங்கள் அனைத்தையும் நாளிட்டு, ஒன்றைக்கூட நீக்காமல், அவருக்கும் ஒரு பிரதியை அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.